ஆடாத மிதவை

இன்னொரு புள்ளி. பச்சை எழுத்துத் திரையில், ஐம்பது விநாடிக்கு ஒன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் வந்து அமர்கின்றன இந்தப் புள்ளிகள். ஒவ்வொன்றும், நூறு முறை அதே கணக்கைப் போட்டேன், நூறு முறையும் அதே விடைதான் என்று இந்த இயந்திரம் எனக்குத் தரும் வாக்குமூலம். விடை பூஜ்யம் புள்ளி ஏழு. மதகின் ஷட்டரைப் பூஜ்யம் புள்ளி ஏழு அடி உயர்த்து என்று பொருள். ஒரே ஒரு முறை விடை மாறினாலும் நிரல் அங்கேயே நின்று, மாறிய எண்ணைத் திரையில் எழுதி, மணியடிக்க வேண்டும். காலையில் அப்படித்தான் எழுதி வைத்தேன். ஒன்றரை மணிக்குத் தொடங்கியது, முதல் வரி நிரம்பி இரண்டாம் வரி ஓடுகிறது, மணியடிக்கவில்லை. அடித்தால் இந்த அறையின் ஆபரேட்டர் சவரிமுத்து பிழைப்பார், மதகுக் கணக்கின் நிரலை எழுதிய நான் அகப்படுவேன். அடிக்காவிட்டால் நான்கு மணிக்குச் செயற்பொறியாளர் தணிகாசலம் நீட்டும் தாளில், 'நிரலில் பிழை ஏதும் இல்லை' என்ற வரிக்குக் கீழே, உதவிப் பொறியாளர் நீலாயதாட்சி என்று நான் கையெழுத்திடுவேன். சவரிமுத்துவின் பத்தொன்பது ஆண்டு வேலை அந்த மையிலேயே கரைந்துவிடும். இரண்டில் எதை வேண்டுகிறாய் மனமே? பொய் சொல்லாதே. ஒவ்வொரு புள்ளி விழும்போதும் நீ விடுகிற மூச்சு ஏக்கப் பெருமூச்சா, நிம்மதிப் பெருமூச்சா? எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் தகடு போலக் கிடக்கிறது. தை மாதத்து நீர். மழையெல்லாம் ஓய்ந்து, காற்றும் ஓய்ந்து, நடுவில் தலைநீட்டிய பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. அதன் நிழலும் தலைகீழாகச் சிறகை விரித்திருக்கிறது. எது பறவை, எது நீர் என்று பிரிக்க முடியாத அளவுக்கு அமைதி. மின்விசிறியின் ஓசை, அதற்குள் கணிப்பொறியின் ஓசை, அதற்குள் என் காதின் ஓசை. இன்னொரு புள்ளி.

சென்னையில் இருக்கும் என் இயந்திரம் இப்படியல்ல. அதன் உள்ளே தசமக் கணக்குக்கென்றே தனிச் சில்லு ஒன்று உண்டு. வர்க்கமூலமானாலும் பெருக்கலானாலும் கேட்குமுன் சொல்லிவிடும். இங்கே சுற்றுப்பலகையில் அந்தச் சில்லுக்கான குழி மட்டும் இருக்கிறது. நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன்; நாற்பது துளைகளோடு, பல் விழுந்த ஈறு போல வெறுமையாக இருந்தது. முழு எண்களை மட்டுமே அறிந்த இந்த இயந்திரத்துக்கு, புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் திகைப்பு. அதற்காக அதனோடு தந்த நிரல்தொகுப்பு ஒன்று, புள்ளியை எங்கே வைத்தோம் என்று தனியே நினைவில் வைத்துக்கொண்டு, கூட்டிக் கழித்து, இடம் நகர்த்தி, படிப்படியாக ஏறி, வாய்பாடு சொல்லும் குழந்தையைப் போல விடைக்கு வந்து சேர்கிறது. அதைக் குறைத்துப் பேசாதே. வேகமில்லாதவன் பிழையானவன் என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது? மெதுவாகச் செய்பவனுடைய வேலையில் நூறு வாசல்கள் திறந்து கிடக்கும், அவ்வளவுதான். உள்ளே யார் வேண்டுமானாலும் நுழையலாம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நூறு வாசல்கள். அதைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். அதற்குள் கதவு தட்டப்பட்டது, தணிகாசலம் தலையை நீட்டினார். "என்னம்மா நீலா, இன்னும் புள்ளி எண்ணிட்டுதான் இருக்கீங்களா?" எண்பத்தேழு சார் என்றேன். "எண்பத்தேழு நூறு எவ்ளோ? எட்டாயிரத்து எழுநூறு தடவை சரியா சொல்லியிருக்கு. எம் பொண்டாட்டிகூட ஒரே கேள்விக்கு ரெண்டு தடவைக்கு மேல ஒரே பதில் சொன்னதில்ல." சிரித்தார், நானும் சிரித்தேன். நல்ல மனிதர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அடுத்த மாசம் வடக்க டிரெயினிங் போறீங்க. இதே புரோகிராம் இன்னும் ஒன்பது டேமுக்குப் போகுது. கண்ணுக்குத் தெரியாத தப்பை ஏன் தேடணும்? நாலு மணிக்கு ஜீப் கிளம்புது. ஒரு கையெழுத்து." கதவு மூடியது. நான் எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன அது? போய்விட்டது. அந்த இடத்தில் வடக்கே போகும் ரயிலின் ஜன்னல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முப்பது நாட்களுக்கு முன்பு, மார்கழியின் தொடக்கத்தில், இதே நாற்காலியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். அன்று காற்றும் அலையும். நிமிடத்துக்கொரு முறை திரையில் வரும் எண்ணைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, உள்ளங்கையில் பேனாவால் எழுதி, கையைப் பார்த்து மறுபடி வாய்விட்டுச் சொல்லி, அதன்பிறகே பதிவேட்டில் ஏற்றி, மதகை ஏற்றி இறக்கும் லஸ்கருக்குத் தொலைபேசியில் சொல்வது அவர் வழக்கம். அன்று பதிவேட்டில் அவர் எழுதியது மூன்று புள்ளி ஏழு. அடுத்த நிமிடம் திரையில் பூஜ்யம் புள்ளி ஏழு வந்தது; அவர் பதறிப்போய்த் தொலைபேசியைச் சுழற்றினார்; லஸ்கர் மதகின் மேலே நின்றதால் மணி காதில் விழவில்லை. பதினொரு நிமிடம் நீர் போயிற்று. கீழே தரைப்பாலத்தில் சைக்கிளில் பனங்கிழங்குக் கட்டோடு கடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை அது அடித்துச் சென்று, பாலத்தின் குத்துக்கல்லில் சாய்த்தது. தொடையெலும்பு முறிந்து கிடக்கிறார். சைக்கிள் கிடைக்கவில்லை. கிழங்குகள் மட்டும் இரண்டு மைல் வரைக்கும் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தனவாம். விசாரணையில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: திரையில் அந்த எண் வந்ததற்கு என்ன அத்தாட்சி? நேற்று நானும் கேட்டேன். கட்டுப்பாட்டு அறைக்குள் வர அவருக்கு இப்போது அனுமதி இல்லை, அணைமேல் கைப்பிடிச் சுவரோரம் நின்றபடி சொன்னார்: "நான் பாத்தேம்மா. மூணு புள்ளி ஏழுன்னுதான் இருந்துச்சி. கையில எழுதுனேன்." கையைக் காட்டினார். வெறும் ரேகைகள். "மத்தியானம் சாப்பிடுறதுக்கு முன்னால கழுவிட்டேன். சோத்துக்கு முன்ன கை கழுவுறது ஒரு குத்தமா போச்சு, பாத்துக்கிடுங்க." அப்போதும் சிரித்தார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை என்றும், ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவருக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோவதாகவும், அவர் மட்டும், நீ வேணும்னு செய்வியா விடுப்பா என்கிறார் என்றும் சொன்னார். அடிபட்டவன் மன்னித்துவிட்டான், அலுவலகம் மன்னிக்கவில்லை. அலுவலகத்துக்கு வலிக்காதல்லவா, வலித்தவனுக்குத்தானே மன்னிக்கும் அதிகாரம்.

இன்னொரு புள்ளி. தொண்ணூற்று மூன்று. கண் செருகுகிறது. இயந்திரத்தை நம்பாமல் நானே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று தாளை எடுத்தேன், நீர்மட்டம், மதகின் அகலம், நீரோட்டத்தின் வேகம், பள்ளிக்கூடத்துப் பெருக்கல்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆறு போட்டு மீதி ஐந்து, என்று உதட்டுக்குள் சொல்லும்போதே, கேண்டீன் பிச்சம்மாள் டீத் தூக்கோடு உள்ளே வந்துவிட்டாள். "யம்மா, சீனி எத்தன போட? நேத்து கம்மின்னு மூஞ்சியச் சுளிச்சிய." ரெண்டு என்றேன். "ரெண்டுதானா? சர்க்காரு சீனிதானே, அள்ளிப் போட்டா யாரு கேக்கப் போறா." போய்விட்டாள். நான் டீயை ஓரமாக வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்: ஏழுநான்கு இருபத்தெட்டு, மீதி இரண்டு, முப்பது. எழுதினேன். மேலே போனேன். கடைசியில் விடை கோணலாக வந்தது. எங்கே தவறினேன் என்று தேடினால், வரிசையெல்லாம் ஒழுங்கு, வாய்பாடெல்லாம் ஒழுங்கு. நடுவில் ஓரிடத்தில் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கிறது. அது என் கணக்கின் இரண்டு அன்று. பிச்சம்மாளுடைய சர்க்கரையின் இரண்டு. வந்தவள் தன் கேள்வியை என் மனப்பலகையில் வைத்தாள், அதற்குரிய விடையை நானே அங்கே எழுதினேன், அவள் போனபின் அதைத் துடைக்க மறந்து, என் எண்ணென்றே எடுத்துக்கொண்டேன். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. மேலே ஆடை படிகிறது. அந்த ஆடையைப் பார்த்தபடி எத்தனை நேரம் இருந்தேனோ. சந்தையில் இரண்டு கிழங்கு வியாபாரிகளுக்கு ஒரே தராசு. முதல்வன் எடைக்கல்லை வைத்துவிட்டுக் கிழங்கை அள்ளிக்கொண்டிருக்கும்போது இரண்டாமவன் அவசரமாக வருகிறான்; அந்தக் கல்லை எடுத்துவிட்டுத் தன் கல்லை வைக்கிறான், தன் சரக்கை நிறுத்துக்கொள்கிறான், தன் கல்லைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான். அவன் திருடனல்லன், அவசரக்காரன். முதல்வன் திரும்பிக் கிழங்கைக் கொட்டுகிறான், முள் நேராக நிற்கிறது, எடை சரி என்று நம்பிப் பொட்டலம் கட்டுகிறான். வாங்கியவர் வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்த்தால், பழி யார்மேல்? பொட்டலம் கட்டியவன்மேல். தராசை யாரும் சந்தேகிப்பதில்லை, தராசுக்கு முகமில்லை.

அந்த இரண்டாம் வியாபாரியை எழுதியவள் நான். மெதுவாக எழுந்தது இந்த வரி, ஆழத்திலிருந்து குமிழ் எழுவதைப் போல. நீர்மட்டத்தை அளக்க, அணையின் ஓரத்தில் ஒரு கிணற்றுக்குள் தகர மிதவை ஒன்று கம்பியில் தொங்குகிறது. நீர் ஓர் அங்குலம் நகர்ந்தால் மிதவை நகரும். மிதவை நகர்ந்தால் ஒரு சமிக்ஞை வரும். சமிக்ஞை வந்த கணமே, நடக்கும் வேலையை நிறுத்திவிட்டு, என் நிரலின் சிறு பகுதி ஒன்று ஓடிவந்து, அந்த அளவை அடியாக மாற்றிவிட்டுப் போகும். ஒரே ஒரு பெருக்கல். ஆனால் தசமப் பெருக்கல். சென்னையில் சில்லு அந்தப் பெருக்கலை இமைக்குமுன் முடித்துவிடும். நுழைய வாசலே கிடையாது. இங்கே பெரிய கணக்கு அரை விநாடி படியேறிக்கொண்டிருக்கிறது. மீதிகளையெல்லாம் தன் நினைவின் ஒரே ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கிறது. நடுவில் என் அவசரக்காரன் வந்து அதே பலகையில் தன் பெருக்கலைப் போட்டுவிட்டுப் போகிறான். பழையதை எடுத்து வைக்கவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. அப்படியானால் இந்த நூற்றுச் சொச்சம் புள்ளிகள்? அவை ஏன் சத்தியம் செய்கின்றன? ஏனென்றால் சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, நீர்மட்டம் மாறினால் விடையை ஒப்பிட முடியாதே என்று, நேற்றுக் காலை வந்தவுடன் முதல் வேலையாக மிதவையின் கேபிளை நானே பிடுங்கி மேசைமேல் சுருட்டி வைத்தேன். இதோ, டீ டம்ளருக்குப் பக்கத்தில், சாரைக்குட்டி போலச் சுருண்டு கிடக்கிறது. இரண்டு நாளாக அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் பிழையைத் தேடினேன். அலையை நிறுத்திவிட்டு, படகு கவிழவே கவிழாது என்று பத்திரம் எழுத இருந்தேன். பிறனைச் சோதிக்கும்போது அவன் வாழ்ந்த காற்றையும் சேர்த்தே சோதி, மனமே. காற்றில்லாத அறையில் வைத்து விளக்கின் உறுதியைப் புகழாதே.

கேபிளைச் செருக வேண்டியதுதானே? கை நகரவில்லை. மணி மூன்று பத்து. கை மேசைமேல் கிடக்கிறது, வேறொருத்தியின் கையைப் போல. யாருக்கும் தெரியாது. இந்தக் கணம் வரைக்கும் இந்த உலகில் இது என் ஒருத்திக்கே தெரியும், நீர்க்காகத்துக்குக்கூடத் தெரியாது. கையெழுத்திட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், நான்கு வரிகளைச் சேர்த்து, பலகையை எடுத்து வைத்துத் திருப்பி வைக்கும் நான்கே வரிகளைச் சேர்த்து, திருத்திய பதிப்பு என்று ஒன்பது அணைகளுக்கும் அனுப்பிவிட்டால் ஊருக்குத் தீங்கில்லை. ஒருவருக்கு மட்டும்தான் தீங்கு. ஒருவருக்கு மட்டும் என்பது எவ்வளவு சிறிய எண், புள்ளிக்குப் பின்னால் எங்கோ விழுந்துவிடும் எண், தோராயமாக்கினால் பூஜ்யம். அன்றைக்கு அந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்று. பாதியில் எழுந்து போனேன், மறுநாள் வந்து தொடர்ந்தேன், அதனால்தான் விட்டுப்போயிற்று. ஆகா, எவ்வளவு பொருத்தம்! எட்டு வயதுக் குழந்தையின் காய்ச்சல்மேல் பழியை ஏற்றுகிறாயே, கூசவில்லையா? கையேட்டில் அந்த வரி இருந்தது. சில்லு இல்லாத இயந்திரத்தில், குறுக்கே வரும் பகுதிக்குள் தசமக் கணக்குச் செய்யலாகாது. படித்தேன். பென்சிலால் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போட்டேன். எல்லா அணைக்கும் சில்லோடுதான் வரும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினேன். காய்ச்சல் அதற்கு மறுவாரம் வந்தது. என் மேசையில் இருப்பது எல்லார் மேசையிலும் இருக்கும் என்று நம்பியதுதான் என் குற்றம். வசதியுள்ளவர்கள் செய்கிற குற்றங்களில் முக்காலும் அதுதான். எழு. எழுந்திரு. பிறர் பலகையில் நீ விட்டு வந்த உன் எண்ணை நீயே போய் எடு.

கேபிளைச் செருகினேன். நிரலை முதலிலிருந்து ஓடவிட்டேன். கணக்குக்கு நான் தந்த நீர்மட்டம் மாறாது, மிதவையின் சமிக்ஞை மட்டும் வந்து போகும். ஒரு புள்ளி. இரண்டு புள்ளி. வெளியே நீர் அசையவில்லை. வேண்டும்போது வராத அலை. ஜன்னலைத் திறந்தேன். சவரிமுத்து அங்கேதான் நின்றிருந்தார், நேற்று நின்ற இடத்திலேயே, காலையிலிருந்தே நின்றிருப்பார். "மிதவைக் கிணத்துக்குள்ள இறங்க முடியுமா? மிதவையைக் கையால ஏத்தி இறக்கணும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "ஏத்தி, இறக்கணும்" என்று வாய்விட்டு ஒரு முறை சொல்லிக்கொண்டார். சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் மடித்து வைத்தார், வெள்ளைச் சட்டை, விசாரணைக்கென்று போட்டு வந்த சட்டை. இரும்பு ஏணியில் தலை மறைந்தது. நான் திரைக்குத் திரும்பினேன். மூன்று இருபத்தைந்து. எங்கோ நிலத்துக்கடியில் ஒரு மனிதர் இடுப்பளவு நீரில் நின்று தன் விதியைத் தானே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். அந்த அசைவு கம்பி வழியே வந்து, இதோ, இந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் நுழைகிறது. நான் பார்க்க முடியாத வாசல்களில் ஒவ்வொன்றாகத் தட்டுகிறது. புள்ளி. புள்ளி. ஒருவேளை நான் நினைத்தது தவறோ? அந்த நினைப்பில் ஓர் இனிப்பு. பார்த்தாயா, இன்னும் இனிக்கிறது. டீயில் போட்ட இரண்டு கரண்டியும் அடியில் தங்கியிருப்பதைப் போல. புள்ளி. மூன்றே முக்கால். எனக்கு உறக்கமா, விழிப்பா? நீர்க்காகம் சிறகை மடித்துக்கொண்டது. வெளியே ஜீப்பை உயிர்ப்பிக்கும் ஓசை. கதவு. தணிகாசலம், கையில் தாள். "என்னம்மா, முடிச்சிடலாமா?" என்று அவர் கேட்டு முடிக்கவும், மணியடிக்கவும் சரியாக இருந்தது.

நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. அவர் திரையருகே குனிந்தார். "இது மூணு புள்ளி ஏழு இல்லியே" என்றார். இல்லை சார், வேறு வாசலில் நுழைந்தால் வேறு எண் வரும் என்றேன். "ஷட்டரே பன்னெண்டு அடிதான். நாப்பத்தொண்ணுன்னு வந்தா எந்த மடையனும் எழுத மாட்டானே." அதுதான் சார் அவருடைய துரதிர்ஷ்டம், அன்றைக்கு வந்த பொய்க்கு உண்மையின் முகம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீலா, நான் இதைப் பாக்கலைன்னு வெச்சுக்கலாம்." எவ்வளவு மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைக்குள் ஒரு முழு ரயில் ஓடியது, ஜன்னலோர இருக்கையோடு. நான் தாளை வாங்கினேன். 'ஏதும் இல்லை' என்பதை ஒரு கோட்டால் அடித்தேன். நிரலில் பிழை உண்டு, அது என்னுடையது, சில்லில்லாத இயந்திரத்துக்கென எச்சரிக்கப்பட்டதை அறிந்தும் எழுதினேன், ஆபரேட்டர் சவரிமுத்து கண்டதையே எழுதினார். நான்கு வரி. விட்டுப்போன வரிகளும் நான்குதான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தணிகாசலம் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படியில் ஒரு கணம் நின்று, போனார். ஜீப் போயிற்று. அந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், என்னை எந்த ஊருக்கு அனுப்பும், எனக்குத் தெரியாது. வடக்கே இல்லை என்பது மட்டும் தெரியும்.

கிணற்றோரம் போனபோது உள்ளிருந்து தகரம் நீரில் அறையும் ஓசை, விடாமல், ஒரே சீராக, கேட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் இரண்டு கண்கள் நிமிர்ந்தன. "பத்தலையா மேடம்? இன்னும் வேகமா ஆட்டட்டா?" போதும், மேலே வாருங்கள் என்றேன். ஏணியைப் பிடித்தபடி நின்றார், மூச்சு வாங்கியது, என் முகத்தில் எதைப் படித்தாரோ. "வந்துச்சா?" வந்தது. "மூணு புள்ளி ஏழா?" இல்லை, நாற்பத்தொன்று புள்ளி பூஜ்யம் இரண்டு, தப்பு என்னுடையது சவரிமுத்து, எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் ஏணியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிப்பா என்று நான் கேட்கவில்லை. பிறகு மேலே ஏறி வந்தார், சுவரிலிருந்த சட்டையின் பையில் பேனாவைத் தேடி எடுத்தார். "நாப்பத்தொண்ணு, புள்ளி, பூஜ்யம், ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஊறிப்போன தோலில் மை பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கலங்கிய நீலம் ரேகைகளில் ஓடி மணிக்கட்டில் சொட்டியது. "எழுத மாட்டேங்குதே மேடம்." நான் கையை நீட்டிப் பேனாவை வாங்கினேன். என் கை உலர்ந்திருந்தது. அவர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, என் உள்ளங்கையில் எழுதினேன். எழுதி முடித்து, அதைப் பார்த்து, வாய்விட்டு ஒரு முறை படித்தேன்.